கால்பந்து அணிக்குக் கட்டளை வையுங்கள்

கேள்வி: திருவிடைமருதூரில் அரிசி ஆலை நடத்துகிறேன். என் தம்பி அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் வேலையாக இருக்கிறான். அங்கே பணக்காரர்கள் தாங்கள் படித்த கல்லூரியின் கால்பந்து அணிக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்களாம். நாங்கள் இருவரும் கும்பகோணம் பக்கம் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் படித்தவர்கள். தம்பி கல்லூரி அணிக்குக் கோல்கீப்பராக இருந்தவன். அந்த அணிக்கு வருஷம் 5 லட்சம் தருகிறேன் என்கிறான். நானும் 2 லட்சம் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். விசாரித்தபோது ஒருவர், "வெளியூரிலிருந்து நாலு நல்ல பிளேயரைக் கொண்டுவந்து போடுங்கள், இந்த வருஷமே யூனிவர்சிட்டி கப் நமக்குத்தான்" என்றார். இன்னொருவர், எங்கள் அப்பா பெயரில் சுழற்கோப்பை வைத்துப் பெரிய டோர்னமெண்ட் நடத்தச் சொல்கிறார். எது சரி, ஐயா? பணத்தை எந்த வழியில் கொடுப்பது?

பதில்: படித்த கல்லூரியை நினைத்துப் பணம் எடுத்து வைக்கும் அண்ணன் தம்பி இருவருக்கும் முதலில் என் வணக்கம். டெல்டாவில் கபடிக்கும் கைப்பந்துக்கும் கொடுப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கால்பந்துக்குக் கொடுக்க வருபவர் குறைவு. அதனால் உங்கள் பணம் சரியான இடத்தில் விழ வேண்டும் என்ற கவலை எனக்கும் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியூர் வீரர்கள் வேண்டாம். கோப்பை இப்போதைக்கு வேண்டாம். நல்ல பயிற்சியாளர், வயிறாரச் சாப்பாடு, தண்ணீர் நிற்காத மைதானம், இந்த மூன்றுக்கும் நாலு வருஷத்துக்குக் குறையாமல் கொடுங்கள். உங்கள் ஊர் மகாலிங்கசுவாமி கோயிலில் தைப்பூசத்துக்கு ஒரு நாள் மண்டகப்படி செய்பவரும் உண்டு, அன்றாடப் பூசைக்கு நிலம் எழுதிவைத்துக் கட்டளை ஏற்படுத்தியவரும் உண்டு. டோர்னமெண்ட் மண்டகப்படி மாதிரி. உங்கள் கல்லூரி அணிக்கு வேண்டியது கட்டளை.

தம்பி பார்ப்பது நாம் ஆடும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. கல்லூரி ஆட்டத்துக்கே அங்கே கூட்டம் அலைமோதும். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள். டிக்கெட், தொலைக்காட்சி உரிமை என்று பணம் புரள்வதால்தான் பணக்காரர்களும் வருகிறார்கள். எண்ணெய்த் தொழிலில் சம்பாதித்த பூன் பிக்கன்ஸ், தாம் படித்த ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு 2005-ஆம் ஆண்டு முடிவில் 165 மில்லியன் டாலர் கொடுத்தார். அரங்கத்துக்கே அவர் பெயர்தான். ஆனால் அந்தப் பணம் அவருடைய முதலீட்டு நிதியிலேயே போடப்பட்டிருந்தது. 2008 நிதி நெருக்கடியில் அது சரிந்து, திட்டமிட்டிருந்த மற்ற கட்டிடங்கள் தள்ளிப்போயின. கொடையாளியின் தொழிலோடு கல்லூரியின் பணம் கட்டுண்டு கிடந்தால் இதுதான் ஆபத்து. உங்கள் பணமும் ஆலைக் கணக்கில் கிடந்து, விளைச்சல் நன்றாக இருந்த வருஷம் மட்டும் கல்லூரிக்குப் போகிற மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு கதை தம்பி வசிக்கும் டாலஸிலேயே நடந்தது. சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் பணக்கார ஆதரவாளர்கள், விதியை மீறி வீரர்களின் கையில் ரகசியமாகப் பணம் கொடுத்தார்கள். ஏற்கெனவே தண்டனை பெற்ற பிறகும் 13 வீரர்களுக்கு ஏறக்குறைய 61,000 டாலர் போனது தெரியவந்தது. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 1987 பருவம் முழுவதும் அந்த அணி ஆடக் கூடாது என்று தடை விதித்தது. 1988-இல் பல்கலைக்கழகமே ஆட்டத்தைக் கைவிட்டது. அந்த அணி மறுபடி ஒரு பருவமுடிவுப் பெரும் போட்டியில் ஆட 2009 வரை ஆனது. பணம் கொடுத்தவர்கள் கல்லூரியை நேசித்தவர்கள்தான். அந்த நேசம் இருபது வருஷத்து மாணவர்களின் ஆட்டத்தைக் கெடுத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

இப்போது அங்கே விதியே மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதல் வருஷத்தில் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே கொடுக்கலாம். ஆனால் நம் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருவது சக மாணவர்களும் இரண்டு மூன்று பெற்றோரும்தான். அந்த ஊர்ப் பணக்காரர் தம் பணத்துக்கு ஈடாக வாங்குகிற ஆரவாரம் இங்கே இல்லை. இங்கே உங்களுக்குக் கிடைக்கக்கூடியது ஒன்றுதான்: நாலு வருஷத்தில் பந்து ஆடத் தெரிந்த, உடம்பு தேறிய, பட்டத்தோடு வெளியே போகிற இருபது பிள்ளைகள்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. சென்னை லீக்கில் இந்துஸ்தான் ஈகிள்ஸ், எஸ்.ஆர்.எம். என்று கல்விக் குழுமங்களின் பெயரில் அணிகள் ஆடியிருக்கின்றன. நான் அதிகம் மதிப்பது மதுரையின் சேது எஃப்.சி.யை. காரியாபட்டி பக்கத்துச் சேது பொறியியல் கல்லூரியின் பின்னணியில் 2016-இல் தொடங்கிய பெண்கள் அணி அது. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. தொடங்கிய மூன்றே வருஷத்தில்!

சேது அணியில் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி ஆடினாரே, நாங்கள் மட்டும் வெளியூர் வீரரை எடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அது கிளப் லீக். வெளியாள் ஆடுவது விதிக்கு உட்பட்டது. பல்கலைக்கழகப் போட்டியில் ஆடுபவர் அங்கே முறையாகச் சேர்ந்து படிக்கும் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். வயது 25-ஐத் தாண்டக் கூடாது. பந்துக்காக மட்டும் ஒருவரைக் கொண்டுவந்து, வகுப்புக்கே வராதவருக்கு வருகைப்பதிவு போட்டு ஆடவைத்தால், புகார் வந்த அன்றே அணி வெளியேறும். விதிப்படியே சேர்த்தாலும், ஆடுதுறையிலிருந்தும் திருப்பனந்தாளிலிருந்தும் பஸ் ஏறி வரும் பையன் மூன்று வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். வந்த நால்வரும் போன பிறகு அணியில் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

ஆக, பணத்தை எங்கே போடுவது? பெரும்பாலான கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே எல்லா ஆட்டத்தையும் பார்த்துக்கொள்கிறார். காலையில் தடகளம், மாலையில் கபடி, நடுவில் அலுவலக வேலை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பயிற்சியாளர் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரை, அந்த இயக்குநரின் கீழ், மாதம் 25,000 ரூபாய்க்கு அமர்த்துங்கள். வருஷத்துக்கு 3 லட்சம். உங்கள் கொடையில் மிகப் பெரிய பங்கு இதற்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. நம் பிள்ளைகள் பலர் காலையில் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சிக்கு வருகிறார்கள். 20 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 2 முட்டை, 200 நாள் என்றால் 8,000 முட்டை. ஒன்று 7 ரூபாய் என்றாலும் 56,000 ரூபாய்தான். வாழைப்பழம், சுண்டல், பால் சேர்த்தாலும் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டாது. ஒரு டோர்னமெண்டுக்குப் பந்தலும் மைக்செட்டும் பரிசும் தின்கிற பணத்தில் ஓர் அணி ஒரு வருஷம் சாப்பிடும்.

மைதானம் நம் மண்ணுக்கே உரிய பிரச்சினை. காவிரி வண்டல் நெல்லுக்கு வரம், பந்தாட்டத்துக்கு அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சம்பா வயல்போல் நிற்கும், வாரக்கணக்கில் பயிற்சி இருக்காது. தை பிறந்து காய்ந்ததும் அதே மண் கல்லாக இறுகி முட்டியைப் பதம் பார்க்கும். நடுவில் மேடாக்கி இருபுறமும் சரிவு கொடுத்து, மணல் கலந்து, வாய்க்காலுக்கு வடிகால் வெட்டுங்கள். வயலுக்குத் தண்ணீர் கட்டி, வடித்துப் பழகிய ஊர். இந்த வேலை தெரிந்தவர் உங்கள் பக்கத்திலேயே இருப்பார். முதல் வருஷத்து மிச்சப் பணம் இதற்குச் சரியாகிவிடும். அடுத்த வருஷங்களில் பூட்ஸ், பயணம், விபத்துக் காப்பீடு. காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். முட்டியில் ஜவ்வு கிழிந்து, சிகிச்சைக்கு வழியில்லாமல் ஆட்டத்தையே விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பெண்கள் அணிக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். 2018-இல் மணிப்பூரை வென்று தேசிய சீனியர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்கு முதன்முதலில் வாங்கித் தந்தது நம் பெண்கள் அணி. அந்த அணியின் இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். டெல்டாவிலும் அப்படி ஒரு பெண் இருப்பாள். அவளுக்கு மைதானத்தில் ஒரு மணி நேரம் கிடைக்க வேண்டும்.

இனி பணம் போகும் வழி. தம்பி இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், தன் சம்பாத்தியத்தை வங்கி மூலம் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓ.சி.ஐ. அட்டை கையில் இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அப்போது கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.யின்படி பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்குக்குத்தான் வரவேண்டும். உங்கள் கணக்குக்கு வாங்கி அங்கிருந்து கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஆடிட்டரைப் பாருங்கள். 80ஜி என்று நாம் அறிந்த வரிச்சலுகை, அறக்கட்டளைக்கு அந்தச் சான்று இருந்து, நீங்களும் பழைய வரி முறையில் இருந்தால்தான் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது.

பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, முதல்வர், உடற்கல்வி இயக்குநர், உங்கள் தரப்பில் ஒருவர், பழைய வீரர் ஒருவர் கொண்ட குழுவிடம் எழுத்தில் ஒப்படையுங்கள். 1794-இல் உங்கள் பக்கத்துத் திருவையாற்றில் காலமான பச்சையப்ப முதலியார் சொத்தைத் தருமத்துக்கு எழுதிவைத்துவிட்டுத்தான் போனார். ஆனாலும் அது வழக்கில் சிக்கியது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் எடுத்த முயற்சியில் அறங்காவலர் குழு அமைந்து, 1842-இல்தான் அவர் பெயரில் சென்னையில் பள்ளி திறந்தது. பொறுப்பான ஆட்கள் இல்லாத கொடை அரை நூற்றாண்டு காத்துக் கிடந்தது.

அணித் தேர்வில் மட்டும் நீங்களோ தம்பியோ தலையிடவே கூடாது. இன்னாரைச் சேருங்கள் என்று ஒரு போன் போனாலும் பயிற்சியாளரின் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். இதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

அப்பா பெயரில் கோப்பையை மூன்றாம் வருஷம் வையுங்கள். அதற்குள் அதில் ஆட உங்கள் கல்லூரிக்குச் சொந்தமாக ஓர் அணி இருக்கும். புது மாணவர் சேர்க்கை முடிந்து அணித் தேர்வு நடக்கும் முன்பே பயிற்சியாளர் வந்துவிட வேண்டும். ஆகவே கோடை விடுமுறைக்குள் முதல்வரைப் பார்த்துப் பேச்சை முடித்துவிடுங்கள்.