கயலுக்கு: விருந்துக்குச் சீஸ் மிளகாய்

அன்புள்ள கயல்,

சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சைவம் என்று எழுதியிருந்தாய். டெக்சஸில் இருந்துகொண்டு வேறெதையும் தேடாதே, சீஸ் அடைத்த ஹாலப்பீனோ மிளகாய் செய். 1995-இல் அந்த மாநிலம் தன் அதிகாரபூர்வ மிளகாயாக அறிவித்ததே அதைத்தான். அங்கே அதை முட்டை சேர்த்த மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள்; இல்லையென்றால் பேக்கன் சுற்றிச் சுடுவார்கள். நீ ஓவனில் வை, இரண்டும் இல்லாமலே அருமையாக வரும்.

சீஸ் வாங்கும்போது கவனமாக இரு. பாலைத் திரிய வைக்கும் ரென்னட் சில சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜியானோவில் விதியே அப்படித்தான். அதனால் மேலே அதைத் தூவாதே. செடார் உறையில் 'வெஜிடேரியன்' அல்லது 'மைக்ரோபியல்' என்று இருக்கிறதா பார். வெறும் 'என்சைம்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் வேறொன்றை எடு. உன்னை நம்பிச் சாப்பிட வருகிறார்கள், இந்த ஒரு நிமிடம் அவர்களுக்காக.

இனி காரம். விதையில்தான் காரம் என்று நம் வீட்டில் சொல்வார்கள். உண்மையில் காரம் தரும் கேப்சைசின் உருவாவது விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்; அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான் விதையும் காரமாகிறது. ஹாலப்பீனோவின் காரம் 2,500 முதல் 8,000 ஸ்கோவில் வரை போகும், ஆகவே பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. தோலில் வெளிறிய கோடுகள் ஓடியவை பெரும்பாலும் முற்றியவை, காரமும் கூடுதலாக இருக்கும். நேரான, பருத்த மிளகாயாகப் பொறுக்கு. கையுறை போட்டுக்கொள். காம்பையும் சேர்த்து நீளவாக்கில் இரண்டாகப் பிள. காம்பு இருந்தால் அந்தப் பக்கமாகச் சீஸ் வழியாது. ஒரு சிறு கரண்டியால் வெள்ளைச் சதையைச் சுரண்டி எடு. காரப் பிரியர்களுக்கென்று நாலைந்தில் மட்டும் கொஞ்சம் விட்டுவை. கையில் பட்டுவிட்டால் முதலில் எண்ணெய் தேய்த்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவு. கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் சரியாகக் கரையாது. அதுவரை கண் பக்கம் கையைக் கொண்டுபோகாதே.

12 மிளகாய்க்கு 225 கிராம் கிரீம் சீஸ், 100 கிராம் செடார், ஒரு பல் பூண்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், சிட்டிகை உப்பு. செடாரைக் கட்டியாக வாங்கி நீயே துருவு. துருவி விற்பதில் ஒட்டாமலிருக்க மாவுப்பொடி தூவியிருப்பார்கள், நன்றாக உருகாது. எல்லாவற்றையும் பிசைந்து, விளிம்பு மட்டத்துக்கு அடை. குவித்தால் பொங்கி வழியும். அரை கப் ரொட்டித்தூளில் ஒரு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயைப் பிசிறி மேலே அழுத்து. ஓவன் 200 டிகிரி செல்சியஸ், உன் ஓவனில் 400 ஃபாரன்ஹீட். 20 நிமிடத்தில் தூள் பொன்னிறமாகி, மிளகாய்த் தோல் சுருங்கத் தொடங்கும். எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறு; உள்ளே சீஸ் கொதித்துக்கொண்டிருக்கும்.

வெள்ளியிரவே அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். ரொட்டித்தூளை மட்டும் சுடும்போது போடு, இல்லையென்றால் ஊறிவிடும்.

காரம் விட்டுவைத்தவற்றைத் தனித் தட்டில் அடுக்கி, எது எதுவென்று முதலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடு. பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர் வை. நாக்கு எரிகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துப் பயனில்லை.

அன்புடன்,
சித்தி