தூங்க வைப்பதும் எழுப்பி வைப்பதும் எது?

தூக்கம் கண்ணில் இருக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "கண்ணைச் சொருகுது" என்கிறோம். முகத்தில் தண்ணீர் அடித்தால் போய்விடும் என்கிறோம். உடம்பு களைத்தால் தூக்கம், களைப்பு தீர்ந்தால் விழிப்பு, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை மருத்துவர்கள் பலரும் ஏறக்குறைய இப்படித்தான் எண்ணியிருந்தார்கள். கண், காது, தோல் வழியே வரும் செய்திகள் குறைந்தால் மூளை தானாக ஓய்ந்துவிடும், அந்த ஓய்வுக்குப் பெயர் தூக்கம் என்பது அவர்கள் கணக்கு. தூங்க வைக்க மூளையில் ஓர் இடம், விழித்திருக்க வைக்க வேறோர் இடம் என்று இரண்டு உண்டு என்பது ஒரு கொடிய நோயின் வழியாகத்தான் தெரியவந்தது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1916-17 குளிர்காலத்தில் வியன்னா நகரில் விசித்திரமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். உட்கார்ந்தபடி தூங்கினார்கள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே தூங்கினார்கள். உலுக்கி எழுப்பினால் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வார்கள், விட்டால் மறுபடி தூங்கிவிடுவார்கள். சிலருக்கு மட்டும் இதற்கு நேர் எதிராக, எவ்வளவு களைத்தாலும் தூக்கமே பிடிக்கவில்லை. நிறையப் பேர் இறந்துபோனார்கள். அவர்களைப் பார்த்துவந்த நரம்பு மருத்துவர் கான்ஸ்டான்டின் வான் எகோனோமோ, இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். (இவர் விமானம் ஓட்டுவதிலும் பெயர் பெற்றவர்.) மூளையின் அடிப்பக்கத்தில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஓயாமல் தூங்கியவர்களுக்கு அதன் பின்பகுதியும், அதை ஒட்டிய மூளைத்தண்டின் மேற்பகுதியும் கெட்டிருந்தன. தூக்கமே வராதவர்களுக்கு அதன் முன்பகுதி கெட்டிருந்தது. அப்படியானால் பின்னால் இருப்பது நம்மை விழிக்க வைப்பது, முன்னால் இருப்பது தூங்க வைப்பது என்ற முடிவுக்கு அவர் வந்தார். படம் பிடிக்கும் கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில் சொன்னது, இன்றைக்கும் பெரும்பாலும் நிற்கிறது.

பிறகு 1949-ல் மொருஸ்ஸி, மாகூன் என்ற இருவர் மயக்க நிலையில் இருந்த பூனைகளின் மூளைத்தண்டின் நடுப்பகுதியில் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்த்தார்கள். தூங்கும் மூளையில் காணப்படும் பெரிய, மெதுவான மின்னலைகள் நொடியில் மறைந்து, விழித்திருக்கும் மூளையின் சிறிய, வேகமான அலைகள் வந்தன. விழிப்பு என்பது சும்மா இருக்கும் நிலை இல்லை, கீழிருந்து யாரோ இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருப்பதால் வருவது என்று அதிலிருந்து புரிந்தது.

இந்தத் தட்டும் வேலையைச் செய்பவை சில சிறு நரம்பணுக் கூட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளை மூளை முழுக்க அனுப்புகிறது. நார் அட்ரினலின், செரோடோனின், அசிட்டைல்கோலின் என்று பட்டியல் நீளும். அதில் நமக்கு முக்கியமாகத் தெரியவேண்டியது ஹிஸ்டமின். மூக்கில் நீர் வடிவதற்கும் தோலில் அரிப்பு எடுப்பதற்கும் காரணமான அதே ஹிஸ்டமின்தான். மூளைக்குள்ளே, எகோனோமோ காட்டிய அந்தப் பின்பகுதியில் இருந்து அது கிளம்பி நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கிப் போடும் பழைய வகை மாத்திரைகள் ஏன் அசத்துகின்றன என்பதற்கு விடை இதில் இருக்கிறது. மூக்கில் ஹிஸ்டமினைத் தடுக்கப் போன மருந்து மூளைக்குள்ளும் புகுந்து அங்கேயும் தடுத்துவிடுகிறது. வண்டி ஓட்டுபவர்கள் மருந்துக் கடையில் "நான் டிரைவர்" என்று சொல்லி, தூக்கம் அதிகம் தராத மாத்திரை கேட்டு வாங்கவேண்டும். இதை ஓட்டுநர்களாக இருக்கும் நம் சகோதரர்களிடம் வீட்டார் எடுத்துச் சொல்லுங்கள்.

முன்பகுதியில் இருக்கும் தூக்க அணுக்கள் வேறு வேலை செய்கின்றன. தட்டி எழுப்பும் கூட்டங்கள் ஒவ்வொன்றின் மீதும் "நிறுத்து" என்ற செய்தியை அனுப்புகின்றன. எழுப்பும் கூட்டமும் சும்மா இருப்பதில்லை, அதுவும் திருப்பித் தூக்க அணுக்களை அடக்குகிறது. ஒன்று மேலே வந்தால் மற்றது கீழே போகும், குழந்தைகள் விளையாடும் ஏற்றப்பலகை மாதிரி. ஆகவேதான் நாம் பாதி தூக்கம் பாதி விழிப்பு என்று நெடுநேரம் நடுவில் நிற்பதில்லை. ஆனால் இதே அமைப்பில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பலகை சாய்ந்தால் சட்டென்று சாயும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பலகை அடிக்கடி ஆடாமல் விழிப்புப் பக்கம் பிடித்து வைக்க இன்னொரு பொருள் உண்டு. ஓரெக்சின் என்று அதற்குப் பெயர், 1998-ல் கண்டுபிடித்தார்கள். மூளையில் உள்ள கோடிக்கணக்கான அணுக்களில் இதைச் செய்பவை சில பத்தாயிரம் மட்டுமே. இவை அழிந்துபோனவர்களுக்கு நார்கொலெப்சி என்ற நோய் வருகிறது. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார்கள். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தளர்ந்து கீழே விழுவார்கள், அப்போதும் நினைவு இருக்கும். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் ஆரம்பிக்கிறது. இரவு நன்றாகத் தூங்கியும் வகுப்பில் நாள்தோறும் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று அடிப்பதற்கு முன்னால் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதை ஒட்டியே இன்னொன்று. கனவு காணும் தூக்கத்தில் மூளைத்தண்டு நம் கை கால்களைக் கட்டிப்போடுகிறது. கனவில் ஓடுகிறவன் கட்டிலில் இருந்து எழுந்து ஓடிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. சில நேரம் மனம் விழித்துக்கொள்ளும், கட்டு மட்டும் இன்னும் அவிழ்ந்திருக்காது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும், கத்த வாய் வராது. ஊரில் இதை அமுக்குவான் என்பார்கள், ஜின் அமுக்கியது என்று தாயத்துக்கு ஓடுபவர்களும் இருக்கிறார்கள். ஜின் இனம் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரிரு நிமிடத்தில் தானாக விட்டுப்போகும் இந்தச் சங்கதிக்கு அவர்கள் மீது பழி போட வேண்டியதில்லை. சரியாகத் தூங்காதவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும்.

சரி, பலகையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தீர்மானிப்பது எது? இரண்டு விஷயங்கள். முதலாவது, எவ்வளவு நேரம் விழித்திருந்தோம் என்பது. மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும், தூங்கினால்தான் கரையும். டீ, காபியில் உள்ள காஃபின் என்ன செய்கிறது? அடினோசின் வந்து உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். சேர்ந்த அடினோசின் சேர்ந்தபடியே இருக்கும். கடன்காரன் வாசலில் நிற்கிறான், நாம் கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம். குடித்த காஃபினில் பாதி நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், அஸருக்குப் பிறகு குடிக்கும் கெட்டி டீ சிலருக்கு இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இரண்டாவது, நேரம். கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 அணுக்கள் கொண்ட ஒரு கடிகாரம் மூளையில் இருக்கிறது. அது ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றில் ஓடுகிறது, நாள்தோறும் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இருட்டினால் மெலட்டோனின் சுரக்க உத்தரவிடுவதும் இதுவே. கைபேசியின் நீல வெளிச்சம் கண்ணில் பட்டால் இன்னும் பகல் என்று இந்தக் கடிகாரம் எடுத்துக்கொள்ளும். ரமலானில் தராவீஹ் முடிந்ததும் படுத்தால் சஹருக்கு முன்னால் ஒரு நல்ல தூக்கம் கிடைக்கும். நம் பிள்ளைகள் அந்த நேரத்தைக் கைபேசியில் கழித்துவிட்டு, லுஹர் வரை தூங்கி, நோன்பின் மீது குறை சொல்கிறார்கள். நடுப்பகலில் இந்தக் கடிகாரமே ஒரு சின்னத் தொய்வைத் தருகிறது, அப்போது 20 நிமிடம் கைலூலா தூங்குவது உடம்புக்கு இயல்பானது.

பெரிய தொய்வு வருவது இரவு 2 மணியிலிருந்து விடிகாலை 6 மணி வரை. வளைகுடாவிலிருந்து வரும் விமானங்கள் பல இறங்கும் நேரமும் அதுதான். நம் ஊர்களில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். பகல் முழுக்க வண்டி ஓட்டியவரையே இரவு விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகிறோம். காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்குப் புறப்படும்போதே 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த நிலையில் கையும் கண்ணும் தடுமாறுவது, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-ல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு காட்டியது. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு வைத்த எல்லையே 30 மில்லிகிராம். மது பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதரை, குடித்தவருக்குச் சமமான நிலையில் ஸ்டியரிங்கில் உட்கார வைக்கிறோம்.

திரும்பும் வழியில் அடினோசின் உச்சத்தில், கடிகாரம் பள்ளத்தில். முன்பு சொன்ன பலகை அப்போதுதான் சட்டென்று சாயும். 3, 4 நொடிகள் மூளை தூங்கிவிடும், கண் திறந்தே இருந்தாலும் இருக்கலாம், தூங்கியதே அவருக்குத் தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடியில் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் போய்விடும். "பாய், ஒரு டீ குடிச்சா தெளிஞ்சிடும்" என்று அவரே சொல்வார். அந்த டீ வேலை செய்ய 20, 30 நிமிடம் ஆகும். தண்ணீர் தெளிப்பதும், ஜன்னலைத் திறப்பதும், சத்தமாகப் பாட்டு வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. செய்யவேண்டியது ஒன்றுதான்: வெளிச்சமான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, டீயைக் குடித்த கையோடு அவரை 20 நிமிடம் தூங்கவிடுவது. எழுந்ததும் 10, 15 நிமிடம் மந்தமாக இருக்கும், அது தெளிந்தபிறகு எடுக்கலாம். வந்திறங்கியவருக்கு வீட்டைப் பார்க்கும் அவசரம் இருக்கும். 2 வருடம் பொறுத்தவர் இன்னும் அரை மணி நேரம் பொறுப்பார்.

நம் அறக்கட்டளையின் ஆம்புலன்ஸுக்கு இந்த மாதம் முதல் இதையே விதியாக்கியிருக்கிறோம். இரவு 10 மணிக்கு மேல் வெளியூர் புறப்பட்டால் 2 ஓட்டுநர்கள் போவார்கள், அதில் ஒருவர் அன்று பகலில் தூங்கியவராக இருப்பார். இதனால் கட்டணம் கூடுமா என்று சிலர் அலுவலகத்தில் கேட்டார்கள். கூடாது. இரண்டாவது ஓட்டுநரின் படியை அறக்கட்டளையே கொடுக்கும். ஓட்டுநர் உரிமம் உள்ள இளைஞர்கள் இரவுப் பணிக்குப் பெயர் கொடுக்க விரும்பினால் இஷாவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம்.