தாத்தாவின் வெப்லி

பெங்களூரில் 1809இல் கண்டோன்மென்ட் உருவானது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் இன்றும் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ராணுவ அதிகாரிகள் ஓய்வுக்காலத்தில் குடியேறிய ஊர் இது. எனவே இங்கே ஒரு பழைய பீரோவிலிருந்து பிரிட்டிஷ் தயாரிப்பான வெப்லி ரிவால்வர் வெளிப்படுவதும், அதைத் தேடி ஆர்வலர்கள் வருவதும் அதிசயமில்லை. அவர்களிடையே புழங்கும் சில நம்பிக்கைகள்தான் கவலை தருகின்றன. நேர்மையான மனிதர்களையும் அவை குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடும்.

“நூறு வருஷப் பழசு, லைசென்ஸ் வேண்டாம்.” அடிக்கடி கேட்பதும் அதிக ஆபத்தானதும் இதுதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு வழக்கொழிந்த, தொன்மையான, பழுதான ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது சுடவே முடியாததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வெப்லி மார்க் 6 ரகம் 1915இல் வந்தது. வயது நூறு தாண்டியிருந்தாலும், நன்றாகப் பேணப்பட்ட ஒன்று இன்றைக்கும் சுடும். சுடக்கூடியதென்றால் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே.

2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் ஆயுத விதிகளைத் திருத்தி, ‘கியூரியோ’ (அரும்பொருள்) வகைச் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் உரிமமின்றி வாங்கி வைத்திருக்கலாம் என்றது. பலர் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதைச் சுடவோ, எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும். உரிமத்தில் பதியாமல் தோட்டாவும் கிடைக்காது. விற்பவர் வாய்ச்சொல்லால் எதுவும் கியூரியோ ஆகிவிடாது. விதியிலுள்ள வரையறைக்குள் பொருந்த வேண்டும். சந்தேகம் இருந்தால் கமிஷனர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். உரிமமில்லாத துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டு சிறை.

“தாத்தாவுடையது, ஆகவே எனக்குத்தான்.” உரிமம் பெற்றவர் இறந்ததும் அந்த உரிமமும் முடிகிறது. வீட்டார் தாமதிக்காமல் ரிவால்வரைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். 2016 ஆயுத விதிகளின்படி, உரிமையாளர் 70 வயதை எட்டியதும், அல்லது ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்த பிறகு, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற வழி உண்டு. இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. பெரியவர்கள் திடமாக இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை இது. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்று 2019இல் வரம்பு குறைந்தபோது, பரம்பரைச் சொத்துக்கும் அதே கணக்குதான் வந்தது. ஒப்படைத்த துப்பாக்கியை உரிய காலத்தில் மீட்காவிட்டால் அது அரசுக்குப் போய்விடும். வரலாறு உள்ள பொருள்களுக்காவது அருங்காட்சியகம் வழியே ஒரு கதவைத் திறந்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

“குடகில் வாங்கினால் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள்.” குடகின் குடவர்களுக்கும் அங்கே ஜம்மா என்னும் பரம்பரை மானிய நிலம் உடையோருக்கும் பிரிட்டிஷ் காலம் முதல் விலக்கு உண்டு, 2029 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது, கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் ஏற்றது. ஆனால் அது அவர்களுக்கு மட்டுமான சலுகை. துப்பாக்கியோடு சேர்ந்து பெங்களூருக்கு வராது.

நண்பர்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம் என்பதும் பாதிதான் உண்மை. உரிமத்தோடு சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதை, வாங்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கலாம். யாருக்கு விற்கிறோம் என்று பெயர், முகவரியோடு உரிமம் வழங்கும் அதிகாரிக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் காத்திருக்க வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருள் என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

இனி விலை. அரிதாக இருப்பதால்தான் விலை ஏறுகிறது என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் 1980களின் நடுவில் தனிநபர் இறக்குமதி நின்றுபோனதே பெரிய காரணம். வெப்லி அண்ட் ஸ்காட்டின் .32 ரகத்துக்கு இத்தனை போட்டி, அது சாதாரண உரிமத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய குழல் அளவு என்பதால். பழைய ராணுவ அளவுகள் பல தடைசெய்யப்பட்ட வகையில் சேரும். எவ்வளவு அரியதானாலும் வாங்க ஆள் கிடைப்பது கடினம்.

பளபளவென்று நிக்கல் முலாம் பூசி விலை ஏற்றுவது இன்னொரு வேதனை. அசல் பூச்சு தேய்ந்திருந்தாலும் அதற்குத்தான் மதிப்பு. சாணை பிடிக்கும்போது பர்மிங்ஹாம், லண்டன் சோதனைக்கூட முத்திரைகள் மழுங்கிவிடும். வெப்லி என்று பொறித்ததெல்லாம் வெப்லியும் அல்ல. பாகிஸ்தானின் கைபர் பக்துன்க்வா மாகாணத்திலுள்ள தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையாலேயே நகல் செய்தார்கள். எழுத்துப் பிழையும் திருப்பிப் பொறித்த எழுத்துமே பெரும்பாலும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

“பகத் சிங் காலத்துத் துப்பாக்கி” என்பதுபோன்ற கதைக்காகப் பணம் கொடுக்காதீர்கள். 1928இல் லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்ட பகத் சிங்கின் .32 கோல்ட் பிஸ்டல், இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படை அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் அடையாளம் தெரியாமலே கிடந்தது. அதை மீட்டுத் தந்தது ஆவணத்தோடு ஒத்துப்போன சீரியல் நம்பர். உங்கள் கையில் வரும் ரிவால்வரிலும் முதலில் அதைப் பாருங்கள். உடலில் பொறித்த எண்ணும் விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால், எவ்வளவு ஆசைப்பட்டாலும் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.