குரோமியம் அசையாத சூடு

ஐரோலி

அன்புள்ள கயல்,

எவர்சில்வர் டம்ளரில் காந்தம் ஏன் ஒட்டவில்லை என்று போனில் கேட்டாயே, அதே எஃகைக் காந்தம் ஆக்கும் வேலையும் ஒன்று உண்டு.

304 ரக எவர்சில்வரில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதன் அணுக்கள் முகப்பு மையக் கனச்சதுரமாக அடுக்கியிருக்கும். அந்த அடுக்கில் இரும்பணுக்களின் காந்தத் திசைகள் ஒன்றுசேர்வதில்லை. அடித்து மடித்த விளிம்பில் மட்டும் லேசாக ஒட்டலாம். அங்கே அடுக்கே மாறியிருக்கும்.

துரு பிடிக்காத இந்த எஃகு உரசலுக்குத் தாங்காது. பம்பு, வால்வு பாகங்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதற்குத்தான் பிளாஸ்மா நைட்ரைடிங். காற்றை உறிஞ்சிய கலத்தில் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கொஞ்சமாக விட்டு, சில நூறு வோல்ட் கொடுத்தால் பாகத்தைச் சுற்றி ஊதா ஒளி படரும். அயனிகள் மோதி மேலிருக்கும் ஆக்சைடு படலத்தைக் கழற்ற, நைட்ரஜன் உள்ளே நுழையும். காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையை நம் ஊர்த் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசேர்த்தது.

சூடுதான் இதில் உயிர்நாடி. 400 டிகிரி செல்சியஸ் அளவில் நைட்ரஜன் நகரும். குரோமியம் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும். இரும்பணுக்களின் இடுக்குகளில் நைட்ரஜன் புகுந்து அடுக்கையே உப்பவைக்கும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜாங், டாம் பெல் இருவரும் 1985இல் இதைப் பதிவுசெய்தார்கள். அடுத்த ஆண்டே ஜப்பானியர் இதற்கு 'எஸ் ஃபேஸ்' என்று பெயர் வைத்தார்கள். விக்கர்ஸ் அளவில் 200 சொச்சமாக இருந்த கடினம் 1000ஐத் தாண்டும்.

காந்தம் வருவதும் இந்த உப்பலால்தான். இரும்பணுக்கள் சற்றே விலகியதும் அவற்றின் காந்தத் திசைகள் ஒரே பக்கம் சேர்கின்றன. ஆனால் மேல்தோலில் மட்டும். அங்கேதான் நூறு அணுவுக்கு இருபதுக்கும் மேல் நைட்ரஜன். ஆழம் போகப்போக அது குறையும், காந்தமும் மறையும். காந்தவிசை நுண்ணோக்கியில் அந்தத் தோல் வரிவரியாகத் தெரிவது பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. கல்பாக்கம் ஈனுலையின் 316எல்என் எஃகிலும் நைட்ரஜன் உண்டு. உருக்கும்போதே சேர்த்தது, எடையில் 0.1 சதவீதத்துக்கும் கீழே. அதனால் அது காந்தமாவதில்லை.

வேலை சரியாக வந்ததா என்று பார்க்க, பாகத்தைக் குறுக்கே அறுத்து, பேக்கலைட்டில் பதித்து, கண்ணாடிபோல் மெருகேற்றி, மயில்துத்தமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவுவார்கள். அடிப்பகுதி அரிக்கப்பட்டு அதன் மணிகள் தெரியும். மேலே சில மைக்ரான் தடிமனுக்கு நைட்ரஜன் புகுந்த தோல் மட்டும் வெள்ளைப் பட்டையாக அரிக்கப்படாமல் நிற்கும்.

சூடு 450ஐத் தாண்டி ஏறினால் அந்தப் பட்டையில் கரும்புள்ளிகள் விழும். குரோமியமும் நகர ஆரம்பித்து, நைட்ரஜனோடு சேர்ந்து குரோமியம் நைட்ரைடாக ஒதுங்கியிருக்கும். துருவைத் தடுக்கக் குரோமியம் மிச்சமில்லை. இப்போதும் கடினம் குறையாது. காந்தமும் ஒட்டலாம், ஆனால் இம்முறை குரோமியம் இழந்த இரும்பின் வேறு அடுக்கால். ஐரோலி, ரபாலே பக்கம் எம்ஐடிசி பட்டறைகளில் நாளை நீ வேலை கற்றுக்கொள்ள வந்தால், கடின அளவை மட்டும் பார்த்து ஜாப்பைப் பாஸ் பண்ணிவிடாதே. தாணே கழிமுகத்தின் உப்புக்காற்றில் சூடு மீறிய பாகம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

அன்புடன்,
பெரியப்பா