கண்ணாடி காட்டாத தசை

மாணவர்களே! ஆணழகன் போட்டியாளர்களின் படங்களை உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களில் கண்டிருப்பீர்கள். அத்தகையோருள் ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

ஆண்ட்ரியாஸ் மூன்சர் 1964ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில் பிறந்தவர். தம் நாட்டில் பிறந்த அர்னால்டு சுவார்செனேகரையே முன்மாதிரியாகக் கொண்டவர். தோலுக்கடியில் கொழுப்பே இல்லையோ என்று வியக்குமாறு தசைநார்கள் புடைத்துத் தெரியும் உடல் அவருடையது. 1996 மார்ச்சில் அமெரிக்காவில் போட்டியிட்டுத் திரும்பியவர், கடும் வயிற்றுவலியோடு மியூனிக் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழந்தன. மார்ச் 14 அன்று இறந்தார். அகவை 31. பிணக்கூறாய்வில் கல்லீரலில் கட்டிகள் காணப்பட்டன, இதயமும் பெருத்திருந்தது.

இதயம் ஏன் பெருத்தது? இதயமும் ஒரு தசையே. தசை பெருக்க உட்கொள்ளும் ஸ்டீராய்டு, டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரின் செயற்கை வடிவம். அதற்குத் தோள் எது, இதயம் எது என்று தெரியாது. தோள் திரள்வதைக் கண்ணாடி காட்டும். இதயச் சுவர் தடிப்பதை எந்தக் கண்ணாடியும் காட்டாது. தடித்த சுவர் விறைத்துப்போய் விரிய மறுக்கும். உள்ளே நிரம்பும் குருதி குறையும். நல்ல கொழுப்பும் குறைவதால் குருதிக் குழாய்கள் அடைபடும். மாத்திரையாக விழுங்குவது கல்லீரலையும் தாக்கும். மேடையேறும் முன் தசைக்கோடுகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்று சிலர் நீர்நீக்கி மருந்தும் உண்பர். அதனால் பொட்டாசியம் அளவு நிலைகுலைந்து இதயத்துடிப்பு நின்றுவிடவும் கூடும்.

உங்கள் அகவையினருக்கு மற்றொரு கேடும் உண்டு. எலும்பு முனைகளில் உள்ள வளர்தட்டுகள் உரிய காலத்திற்கு முன்பே மூடிக்கொள்ளும். அதன்பின் உயரம் கூடாது.

ஆஸ்துமாவிற்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு வேறு வகை. அதைக் கண்டு அஞ்ச வேண்டா.

2022இல் நம் நாடாளுமன்றம் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இயற்றியது. அதன்படி சோதிக்கப்படுவோர் விளையாட்டு வீரர்கள். கண்ணாடிமுன் நிற்பதற்காகவே எடைதூக்கும் இளைஞனை யாரும் சோதிப்பதில்லை.

ஒரு சொல்லாராய்ச்சி: திருக்குறளின் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. அங்கே ஊக்கம் என்பது உள்ளத்தின் கிளர்ச்சி. அச்சொல்லோடு மருந்து சேர்ந்து ‘ஊக்கமருந்து’ ஆனது நம் காலத்தில்தான்.

பயிற்சி
1. ‘இதயமும் ஒரு தசையே’ – இத்தொடரில் ‘உம்’, ‘ஏ’ ஆகியவை தரும் பொருள் யாது?
2. குருதி, அகவை, தசை – இவற்றிற்கு உங்கள் வீட்டில் வழங்கும் சொற்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுக.