விரல் தொட்டதை அறிய எந்த சென்சார்?

விரலால் மேசையைத் தட்டினால் கணினியில் எழுத்து விழ வேண்டும். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுக்கும் மாணவர்களில் பலர் யோசிக்காமல் கேமராவுக்குப் போய்விடுகிறார்கள். சீனியர் அதைத்தான் செய்தார், யூட்யூபில் கோடும் இருக்கிறது. "தலைப்பில் ஏஐ இருந்தால்தான் வேலை கிடைக்கும்" என்று வீட்டிலும் நச்சரிப்பு.

மற்ற வழிகள் தெரிந்தவைதான். ஃப்ளெக்ஸ் சென்சார் கையுறை விரல் மடங்கியதைச் சொல்லும், தொட்டதைச் சொல்லாது. நுனியில் அழுத்த சென்சார் ஒட்டினால் தொட்டது தெரியும். விரலின் உணர்ச்சி மழுங்கும். தசையின் மின்துடிப்பை அளக்கும் ஈஎம்ஜி பட்டை சற்றே நகர்ந்தாலும் திரும்பப் பயிற்றுவிக்க நேரும்.

கேமரா விஷயத்துக்கு வருவோம். கூகுளின் மீடியாபைப் மென்பொருள் கையில் 21 புள்ளிகளைச் சட்டென்று காட்டும். டெமோவில் கைதட்டல் நிச்சயம். ஆனால் மேசைக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே நிற்கும் விரலையும் மேசையைத் தொட்ட விரலையும் மேலிருந்து பார்க்கும் ஒற்றைக் கேமராவால் நம்பகமாகப் பிரித்தறிவது மிகக் கடினம். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 33 மில்லிநொடி. தட்டலின் முதல் அதிர்வு அதற்குள் வந்து போய்விடும். ஒரு விரல் மற்றொன்றை மறைத்தால் புள்ளிகள் தாவும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடினமான வேலை முழுவதையும் கூகுள் முடித்துக் கொடுத்துவிட்டது. வைவாவில் "இதில் நீ செய்தது என்னப்பா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

என் ஓட்டு விரலில் கட்டும் முடுக்கமானிக்கே. எம்பியூ-6050 சிப் போதும். வெல்க்ரோவால் இறுக்கிக் கட்டி, வயரைப் புறங்கையில் டேப் போட்டு ஒட்டுங்கள். வயர் ஆடினால் அதுவும் சிக்னலாகிவிடும். அளவுகளை வளைகோடாக வரையும் சீரியல் ப்ளாட்டரைத் திறந்து பாருங்கள். காற்றில் ஆட்டினால் சாய்வான அலை, மேசையைத் தட்டினால் ஊசிபோல ஒரு முனை. சிப்பின் வடிகட்டியை 5 ஹெர்ட்ஸில் வைத்தால் அந்த முனை கரைந்துவிடும். 260-க்குத் திறந்துவிட்டு, நொடிக்கு 1000 முறை படியுங்கள். மணிக்கட்டை மேசையில் வைத்தாலும் முனை எழும். அங்கேயும் ஒரு சென்சார் கட்டி, எது பெரிது என்று ஒப்பிட்டால் குழப்பம் தீரும். 2016-இல் கார்னகி மெலன் ஆய்வாளர்கள் வைபேண்ட் திட்டத்தில் கடையில் கிடைக்கும் ஸ்மார்ட்வாட்சின் முடுக்கமானியையே நொடிக்கு 4000 முறை படிக்க வைத்து, தட்டலையும் சொடுக்கலையும் இனம் பிரித்தார்கள்.

இந்த வழியில் முதல் சில வாரங்கள் வளைகோட்டை முறைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதில் சலிப்பு வராதவருக்கு சென்சார் துறை கைவரும். சலிப்பு வந்தால் அதுவும் நல்ல சேதிதான். உங்கள் நாட்டம் வேறிடத்தில் இருக்கிறது, அதைத் தேடிப் போங்கள். பெற்றோரே, தலைப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். நேர்முகத் தேர்வில் பதில் சொல்லப்போவது அவர்கள்தான்.