எங்கள் மலை எரிமலையா?

சென்ற ஆண்டு நம் பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்கு வந்திருந்த பெற்றோருக்கு எங்கள் குழுவின் மாதிரி நினைவிருக்கலாம். களிமண்ணால் அண்ணாமலையைச் செய்து, உச்சியில் ஒரு குழி வைத்து, அதில் ஆப்ப சோடாவையும் சிவப்புச் சாயம் கலந்த எலுமிச்சைச் சாற்றையும் ஊற்றினோம். குழம்பு நுரைத்துப் பொங்கி வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். 'அண்ணாமலை - ஓர் அவிந்த எரிமலை' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தோம். பரிசும் கிடைத்தது.

மாலையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா வந்தார். கல் உடைத்துப் பிழைத்தவர். மாதிரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா கண்ணுங்களா, நாப்பது வருசமா இந்தச் சுத்துவட்டாரத்துல கல்லு உடைச்சிருக்கேன். ஒரு பிடி சாம்பலை நான் பார்த்ததில்லையே. எரிமலைன்னா அந்தச் சாம்பலெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். "தெரியலைங்க தாத்தா" என்பதைத் தவிர எங்களால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை. மறுவாரம் பேத்தியிடம் இரண்டு கல்துண்டுகளைக் கொடுத்தனுப்பினார். ஒன்று வெளிர் சாம்பல் நிறம். மற்றொன்று எண்ணெய் பூசியது போன்ற கரும்பச்சை. நடந்ததைக் கேட்ட விஞ்ஞான ஆசிரியை சகோதரி எங்களைக் கடிந்து கொள்ளவில்லை. "கல்லையே கேட்டுப் பாருங்கள்" என்று உருப்பெருக்குக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். கேட்டறிந்ததைக் கண்காட்சிக்கு வந்தவர்களுக்குச் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் வெளிர் நிறக் கல். வெறுங்கண்ணுக்கு ஒரே கல்லாகத் தெரிவது கண்ணாடியின் கீழ் பல மணிகள் நெருங்கிக் கோத்த கூட்டமாகத் தெரிகிறது. வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் தட்டையான முகங்களோடு பளிச்சிடுபவை பெல்ஸ்பார். இதில் பொட்டாசியம் கொண்டது ஒரு வகை, சோடியமும் கால்சியமும் கொண்டது மற்றொரு வகை. அவற்றின் இடையே சாம்பல் நிறக் கண்ணாடிச் சில்லு போலக் கிடப்பது குவார்ட்ஸ். நம் ஊர்ப் பிள்ளைகள் உரசித் தீப்பொறி பார்க்கும் வெங்கச்சங்கல்லும் இதுவே. நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும் கருமணிகள் மைக்கா, அதாவது காக்காப்பொன். பேனாக்கத்தியால் கீறிப் பார்த்தோம். பெல்ஸ்பார், குவார்ட்ஸ் இரண்டிலும் கீறல் விழவில்லை. கத்தியின் இரும்புதான் கல்மேல் கோடாகப் படிந்தது. கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் அளவையில் பெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் இந்த இனக் கற்களை நம் பாட்டிமார் தேர்ந்தது சும்மா அல்ல.

பெல்ஸ்பார் பாதிக்கு மேலும், குவார்ட்ஸ் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும், மிச்சம் மைக்கா போன்ற கருங்கனிமங்களுமாக அமைந்த பாறையே கிரானைட். கடைத்தெருவில் பளபளப்பாக்கிய கல் எல்லாவற்றையும் கிரானைட் என்று விற்கிறார்கள். 'கறுப்பு கிரானைட்' எனப்படுவதில் பெரும்பாலும் குவார்ட்ஸே இராது. அது டோலரைட் போன்ற வேறு பாறை. அது வணிகர் வைத்த பெயர், நமக்கு அதில் வழக்கில்லை.

இனித் தாத்தாவின் கேள்விக்கு வருவோம். இம்மணிகள் ஏன் இவ்வளவு பெரியவை? கற்கண்டு செய்வதைப் பார்த்தவர்களுக்கு விடை எளிது. சர்க்கரைப் பாகை அசையாமல் வைத்து மெல்ல மெல்ல ஆறவிட்டால் பெரிய கட்டிகள் விளைகின்றன. அடுப்பிலிருந்து இறக்கிச் சட்டெனக் கிளறிவிட்டால் பொடியாகிவிடும். எரிமலைக் குழம்பு வெளியே வந்து காற்றும் நீரும் பட்டு விரைவில் ஆறுவதால் அதன் மணிகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. மகாராஷ்டிரத்தின் கரிய பசால்ட் பாறைகள், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு, அத்தகையவை. எங்கள் கையிலிருந்த கல்லின் மணிகளோ பட்டாணியளவு இருந்தன. அப்படியானால் இது மேலே வரவே இல்லை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பல்லாயிரம் ஆண்டுகளாக, மேலிருந்த பாறையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு ஆறியது.

இதை உலகம் ஒப்புக்கொள்ள நெடுநாள் ஆயிற்று. ஆதிக் கடலின் அடியில் உப்புப் படிவது போலப் படிந்ததே கிரானைட் என்று ஜெர்மனியில் வெர்னர் கற்பித்து வந்தார். 1785இல் ஸ்காட்லாந்தின் டில்ட் பள்ளத்தாக்கில் ஜேம்ஸ் ஹட்டன் என்பவர், செந்நிறக் கிரானைட் நரம்பு நரம்பாகக் கரும்பாறைக்குள் பாய்ந்திருப்பதைக் கண்டார். உருகி ஓடிய பொருளன்றி வேறெது அப்படிப் புக முடியும்? அவர் அடைந்த ஆனந்தத்தைப் பார்த்து உடன் வந்த வழிகாட்டிகள், ஐயாவுக்குத் தங்கமோ வெள்ளியோ அகப்பட்டுவிட்டது என்றே எண்ணினார்களாம்!

அடியில் உருகுவது எப்படி? இதற்கு மலைத்தொடர் பிறக்கும் இடத்திற்குப் போக வேண்டும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியது. இரு பாய்களை எதிரெதிரே தள்ளினால் மடிந்து மேலேறுவது போல, நிலத்தின் மேலோடு மடிந்து ஏறக்குறைய இரு மடங்கு தடித்தது. அப்படி அடியில் அழுந்திய பாறை சூடேறுகிறது. அதிலுள்ள மைக்காவின் உடலில் நீர் பிணைந்திருக்கிறது. சூட்டில் மைக்கா சிதைந்து அந்நீரை விட்டதும், பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் உருகத் தொடங்குகின்றன. ஆழத்து அழுத்தமும் போதிய நீரும் கூடினால் சுமார் 650 டிகிரியிலேயே கிரானைட் உருகும் என்று டட்டில், போவன் என்னும் இரு அறிஞர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டி 1958இல் வெளியிட்டார்கள். இது செங்கல் சூளையின் சூட்டுக்கும் குறைவு. ஆனால் சூளையில் கிரானைட்டைப் போட்டால் வெடிக்குமே தவிர உருகாது, ஏனெனில் அங்கே அந்த நீரும் அழுத்தமும் இல்லை.

இப்படி உண்டான குழம்பு சுற்றுப் பாறையைவிட இலேசானது. மெல்ல மேலேறி, வழியில் ஓரிடத்தில் நின்று ஆறும். கருங்கனிமங்கள் முன்னதாக உருப்பெறும். குவார்ட்ஸ் கடைசியில் மிஞ்சிய சந்துகளில் உறையும். எங்கள் கல்லில் குவார்ட்ஸுக்கு மட்டும் சொந்த வடிவம் இல்லாததன் காரணம் இதுதான். கங்கோத்ரியில் சிவலிங் சிகரமாக நிற்பது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு பிறந்த வெண்கிரானைட். மேலே மூடியிருந்ததை மழையும் பனியும் அரித்தெடுத்த பிறகே அது வெளிச்சத்தைக் கண்டது.

நம் பகுதிப் பாறைகளின் முன் இமயம் கைக்குழந்தை. திருவண்ணாமலை மாவட்டத்தின் அடித்தளம் நைஸ், சார்னோகைட், கிரானைட் ஆகிய பாறைகளே. அடுத்துள்ள செஞ்சிக் கோட்டைக் குன்றுகளின் கிரானைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். சிர்கான் என்ற நுண்மணிக்குள் அடைபட்ட யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியுள்ளது என்று அளந்து இவ்வயதைச் சொல்கிறார்கள். அந்த யுரேனியத்தில் பாதி மாறவே 447 கோடி ஆண்டுகள் பிடிக்கும். அன்றும் இங்கே நிலம் தடித்து, மலைகள் எழுந்து, அடிவயிறு உருகியது. அந்த மலைகள் தேய்ந்து போயின. நாம் காண்பது அவற்றின் வேர்.

எவ்வளவு ஆழத்து வேர் என்பதற்குத் தாத்தாவின் இரண்டாவது கல் சாட்சி. கரும்பச்சையான அதுதான் சார்னோகைட். கிரானைட்டின் உறவே, ஆனால் நீர் வற்றிய பெருஞ்சூட்டில் விளைந்ததால் மைக்காவின் இடத்தில் பெரும்பாலும் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கும். பெயர்க் கதையும் நமக்கு அணுக்கமானது. 1690இல் கல்கத்தாவில் குடியமர்ந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்கே புனித யோவான் ஆலய வளாகத்தில் உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலந்து அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அது சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டு, 1893இல் சார்னாக்கின் பெயரையே அதற்கு வைத்தார். பல்லாவரத்திலும், நம்மில் பலர் திருயாத்திரை சென்ற புனித தோமையார் மலையிலும் அதே கல்தான்! இவ்வகைக் கல் இருபது கிலோமீட்டர் ஆழத்தில் உருவாகக்கூடியது. கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர் உயர்ந்த அண்ணாமலையை ஒன்றன்மேல் ஒன்றாக இருபத்தைந்து முறை அடுக்கினால் வரும் ஆழம் அது.

ஆகவே எங்கள் அட்டை பொய் சொல்லிற்று. மலையை நெருப்பின் வடிவாக வணங்குவது பக்தர்களின் நம்பிக்கை. அதில் நாங்கள் தலையிடவில்லை. எரிமலை என்று சொன்னது விஞ்ஞானத்தின் பெயரால் நாங்கள் சொன்னது. அதைத் திருத்துவது எங்கள் வேலை.

வேங்கிக்கால் ஏரிக்கரையில் மண்ணெடுத்து நீரில் அலசியும் பார்த்தோம். (ஊர்ப் பெயரில் இருப்பது கல் அல்ல, கால் என்று தமிழாசிரியை நினைவூட்டுகிறார்.) பெல்ஸ்பார் மழையில் நைந்து களிமண்ணாகிக் கலங்கி ஓடிவிட, அடியில் நின்ற மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். பட்டாணி மணிகளின் மிச்சம்தான் அது. அதே குவார்ட்ஸ் கல் உடைக்கையில் தூளாகப் பறந்து நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் என்னும் நோய் வரும். தாத்தா தம் காலத்தில் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வாராம். அது போதாது, கல்லை நனைத்து உடைக்க வேண்டும் என்று சகோதரி சொன்னதைத் தோழி வீட்டில் போய்ச் சொன்னாள். அவள் சித்தப்பா இன்னும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார்.

மாதிரியை நாங்கள் உடைக்கவில்லை. நடுவே அறுத்து, உச்சிக் குழியை அடைத்து, மலைக்கு மேல் ஒரு காலத்தில் இருந்து மறைந்த நிலத்தைக் கம்பியால் வளைத்துக் காட்டியிருக்கிறோம். கம்பி மேசையை விட்டு வெளியே போய்விட்டதால் சுவரில் ஆணியடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. இரண்டு கல்துண்டுகளும் ஆய்வுக்கூட அலமாரியில் இரண்டாம் தட்டில் உள்ளன. கேட்டால் கண்ணாடியும் தருவார்கள்.